கரன்ட் ஃப்ரீயா கிடைக்கும்போது சோலார் பம்ப் எதுக்கு? புதுச்சேரி விவசாயிகளின் கணக்கு

பாகூர் பக்கம் போர்வெல் வைத்திருக்கும் விவசாயியிடம் சோலார் பம்ப்செட் போடச் சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுதான்: "மோட்டாருக்குத்தான் கரன்ட் பில்லே இல்லையே?" நியாயமான கேள்வி.

2019-ல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில், தனி சோலார் பம்ப்செட்டுக்கு மத்திய அரசு 30%, மாநிலம் அல்லது யூனியன் பிரதேசம் குறைந்தது 30% மானியம் தரும். மீதி 40% விவசாயியின் பங்கு. 5 குதிரைத்திறன் செட் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவர் போடுவது 1.2 லட்சம்.

டீசல் இன்ஜின் ஓட்டுபவருக்கு இது லாபம். மணிக்கு ஒரு லிட்டர், தினம் 5 மணி நேரம், வருஷத்துக்கு 100 நாள் என்றால் 500 லிட்டர். லிட்டர் 85 ரூபாய் என்றாலே 42,500 ரூபாய் ஆகிவிடும். மூன்றே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். ஆனால் இலவச இணைப்பு உள்ளவருக்கு மிச்சம்? பூஜ்யம். பகலில் தடையில்லாமல் தண்ணீர் இறைக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சம் பிடிப்பது அரசு. புதுச்சேரிக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வெளியில் வாங்கும் மின்சாரம்.

அதனால்தான் குசும் திட்டத்தின் இன்னொரு பிரிவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருக்கும் மின் மோட்டாருக்கே பேனல் போட்டு, உபரியை மின்துறைக்கு விற்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 7.5 கிலோவாட் வரை பேனல். ஆண்டுக்குச் சுமார் 10,000 யூனிட் வரும். மோட்டார் 4,000 யூனிட் எடுத்தால் மீதி 6,000. யூனிட்டுக்கு 3 ரூபாய் கிடைத்தால் 18,000 ரூபாய் வருமானம். 2 ரூபாய்தான் என்றால் 12,000. விவசாயியின் பங்கு 1.6 லட்சம் என்றால், முதல் கணக்கில் 9 வருஷம், இரண்டாவதில் 13 வருஷத்துக்கு மேல். ஆக, எல்லாம் அந்த யூனிட் விலையில்தான் இருக்கிறது.

குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, யூனிட் 4.63 ரூபாய்க்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். பதிலுக்கு, அந்த 25 வருஷமும் மானிய மின் இணைப்பு கேட்க மாட்டோம் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

இதில் தண்ணீர் விஷயமும் இருக்கிறது. தனி சோலார் பம்ப்பில் வெயில் சும்மா கிடைப்பதால், மோட்டாரை நிறுத்தக் காரணமே இல்லை. கடலோரத்தில் உப்புநீர் உள்ளே வரும் புதுச்சேரிக்கு இது ஆபத்து. உபரிக்கு விலை இருந்தால், தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் விவசாயிக்கு நஷ்டம். அவரே ஸ்விட்சை அணைப்பார்.

கணக்கில் பலரும் விட்டுவிடுவது புயல். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் இந்தப் பக்கம்தான் கரை கடந்தன. பேனலுக்கு இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது, உபரிக்கு என்ன விலை என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.