ஒத்திகையிலே வென்ற ஊசி



சவ்வாது மலையின் மடியிலே இருக்கிறது அமிர்தி. அருவி காணச் செல்வோர் அறிந்த ஊர். அங்கிருந்து இறங்கி வந்து, வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலையிலே கூலிக்கு நிற்கும் ஒருவனை எண்ணிப்பாருங்கள். சீமான்களின் காலணிக்கான தோலை அவன் பளபளப்பாக்குகிறான்; அவன் மேனித்தோலோ செதில் செதிலாய் உதிர்கிறது!

சொரியாசிஸ் அது. முன்வினை என்பான் ஒருவன். ஒட்டிக்கொள்ளும் என்று விலகி உட்காருவான் மற்றொருவன். இரண்டும் பொய். உடலைக் காக்க வேண்டிய காவற்படையே உடலைத் தாக்குவதால் வருகிறது அந்நோய். அது உள்ளவனின் தோலைச் சுண்ணாம்பும் குரோமிய உப்பும் புண்ணாக்கினால், புண்பட்ட இடத்திலேயே புதிய படை கிளம்பவும் கூடும். கூலியோடு கிடைக்கும் போனஸ்!

மருந்து இல்லையா? இருக்கிறது. செக்குகினுமாப் என்றோர் உயிரியல் ஊசி. 2014-இல் வெளியான ஆய்விலே, 300 மில்லிகிராம் அளவு போட்டுக்கொண்டோரில் நூற்றுக்கு 77 பேருக்கு, 12 வாரத்தில் நோயின் கடுமை முக்கால் பங்கு தணிந்தது. வெற்றூசி போட்டோரில் அந்தப் பலன் நூற்றுக்கு 5 பேருக்கே. மெச்சுகிறோம்! ஆனால் நாடகக்காரன் ஒன்று சொல்வேன்: ஆய்வு என்பது ஒத்திகை. பொறுக்கி எடுத்த நோயாளிகள், இலவச ஊசி, நாள் தவறினால் அழைக்க ஆள். அரங்கேற்றமோ நம் ஊரிலே! முதலில் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலே வைக்க வேண்டும். தொடக்கத்தில் வாரந்தோறும், பின் மாதந்தோறும் போட வேண்டும். காசு தீர்ந்தால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் நோய் திரும்பும். அடாலிமுமாப் போன்ற மருந்தை விட்டுவிட்டுப் போட்டால், உடலே அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி முறியடிப்பதும் உண்டு. மருந்து தோற்றது என்று ஏட்டிலே எழுதிவிடுவார்கள். தோற்றது மருந்தா, கூலியா?

எல்லோருக்கும் இந்த ஊசி வேண்டியதில்லை. களிம்பும் ஒளிச்சிகிச்சையும் மெத்தோட்ரெக்சேட்டும் பலருக்குப் போதும். போதாதவனுக்கு? 2013-இல் கியூபாவின் ஆய்வு மையத்தோடு கைகோத்து, இட்டோலிசுமாப் ஊசியை இந்நோய்க்கெனவே கொண்டுவந்தது பெங்களூர் பயோகான். 2014-இல் அடாலிமுமாப்பின் நிகர் மருந்தைக் குறைந்த விலையில் இறக்கியது சைடஸ். செய்யத் தெரிந்த நாடுதான். சேர்க்கத்தான் மனம் வேண்டும்!

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலே மாத்திரை தந்தது. அந்த வழியிலே இதையும் கேட்கிறோம். அமிர்திக்காரன் வேலூருக்கு வரும் பாதையிலேதான் இருக்கிறது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊசி அங்கே விலையின்றிக் கிடைக்கட்டும். ஊசி தொடங்கியவர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின்னும் தொடர்ந்தவர் எத்தனை பேர், நின்றவர் ஏன் நின்றார் என்று பதிவேடு ஒன்று எழுதப்படட்டும். ஆண்டுதோறும் அந்த ஏட்டைச் சட்டமன்றத்தின் மேசையிலே வைக்கட்டும்!