ஊராருக்கு ஒரு விண்ணப்பம்



அந்நிய தேசத்தில் முப்பது வருஷமாகப் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்து ஜீவிக்கிறவன் என்பதற்காக எனக்குப் பாராட்டு விழா எடுத்து, கடைத்தெருவில் அலங்கார வளைவும் நிறுத்தப்போவதாக நீங்கள் எழுதிய கடிதத்தை வாசித்தபோது, எனக்குச் சந்தோஷத்தைக் காட்டிலும் சங்கோசமே மிகுந்தது. சிதம்பரத்தில் பிறந்து மூன்று வயதிலேயே அவ்வூரை விட்டுச் சென்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் நோபல் பரிசு கிடைத்ததும், முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை அப்புறப்படுத்துவதே பெரும்பாடாக இருக்கிறதென்று அவர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு உரிமை கொண்டாடிய நம் தேசத்தாரில், ரைபோசோம் என்றால் என்னவென்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

விஞ்ஞானம் நம் மண்ணிலேயே விளைந்த கதை ஒன்று உண்டு. 1952-இல் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜன் என்னும் புரதத்தை ஆராய வேண்டிய வஸ்துவை அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் தேடிப் பெற்றார். கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண்! அதை ஆராய்ந்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பை 1954-இல் வெளியிட்டபோது, அணுக்கள் இவ்வளவு நெருங்கலாகாதென்று விஞ்ஞானிகளான கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். ராமச்சந்திரன் சீறவில்லை, எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, கிடைத்த தரவுகளையெல்லாம் திரட்டிச் சிரத்தையோடு கணக்கிடப் புகுந்தார். அந்த வழியில், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவரோடு அவர் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தில்தான் இன்றும் உலகத்தார் தாங்கள் கண்ட புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். (இந்த ராமகிருஷ்ணன் வேறு, வளைவு எழுப்பத் துடிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு வரவில்லை.

அத்தகைய சிரத்தையை விட்டு, கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர்களின் பதவியை அளந்த விதி என்ன செய்ததென்றால், தரமற்ற சஞ்சிகைகள் பெருகி, பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்க நேர்ந்தது.

சென்ற முறை வந்தபோது, நான் படித்த கல்லூரியில் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்க, அதனடியில் ஒரு நிறமாலைமானி, உதிரிப் பாகம் வாங்கப் பணமின்றித் துணி மூடிக் கிடந்ததைக் கண்டேன். வளைவுக்கென்று வசூலித்த தொகையைத் தயவுசெய்து அதற்குக் கொடுங்கள். என் பங்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.