நோட்ஸ் தராததற்கு டார்வினை இழுக்காதீங்க!

"சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட், மச்சி!" பிளேஸ்மெண்ட் சீசனில் இந்த டயலாக் கேட்காத ஹாஸ்டல் உண்டா? கம்பெனி வரும் தேதியைப் பக்கத்து ரூமுக்குச் சொல்லாதவனும் இதைத்தான் சொல்கிறான். நோட்ஸ் கேட்டால் "இன்னும் எழுதலடா" என்று மழுப்புகிறவனும் இதைத்தான் சொல்கிறான். ஏன்டா இப்படி என்றால், டார்வினே சொல்லிட்டாராம்!

முதல் விஷயம், அந்தச் சொற்றொடர் டார்வின் உருவாக்கியதே இல்லை. 1864-ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். இரண்டாவது விஷயம், இயற்கையில் போட்டி எப்படி நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்த ஒருத்தர் இருக்கிறார். பெயர் பீட்டர் குரோபோத்கின்.

1842-ல் மாஸ்கோவில், இளவரசர் பட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ஜார் மன்னரின் அரண்மனைப் பள்ளியில் படித்தவர். 1862-ல் படிப்பு முடிந்ததும் தலைநகரிலேயே சொகுசாக ஒரு ராணுவப் பதவியில் உட்கார்ந்திருக்கலாம். நம்ம ஆளு கேட்டு வாங்கிய போஸ்டிங் எது தெரியுமா? சைபீரியா!

அங்கே ஐந்து வருடம், குதிரையிலும் படகிலும் சுற்றினார். ஆசியாவின் மலைத்தொடர்கள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடுவதாக அன்றைய வரைபடங்கள் காட்டின. வடகிழக்கு ஆசியாவின் முக்கிய மலைத்தொடர்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன என்று குரோபோத்கின் திருத்தினார். அறிவியலுக்குத் தான் செய்த முக்கியப் பங்களிப்பாக அவர் நினைத்தது இதைத்தான்.

1866 பயணத்தில் போல்யாகோவ் என்ற விலங்கியலாளர் கூட வந்தார். ரெண்டு பேருமே டார்வினைப் படித்த சூட்டில் இருந்தவர்கள். ஒரே இன விலங்குகளுக்குள் கடும் போட்டி நடக்கிறதா என்று ஆர்வமாகத் தேடினார்கள். கண்ணில் பட்டதோ வேறு. விலங்குகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது பனிப்புயலும் வெள்ளமும்தான். அமூர் ஆற்றங்கரையில் குரோபோத்கின் இன்னொன்றும் பார்த்தார். சீக்கிரமே பனி கொட்டிய ஒரு வருடம், பரந்த நிலப்பரப்பில் சிதறிக் கிடந்த மான்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஆறு குறுகலாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கடந்தன.

1888-ல் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, விலங்குலகத்தை ரோமானிய வாள்வீரர்களின் சண்டைக்களத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதற்குப் பதிலாக குரோபோத்கின் கட்டுரைத் தொடர் எழுதினார். 1902-ல் அது 'பரஸ்பர உதவி' என்ற புத்தகமானது. போட்டியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பரஸ்பர உதவியும் பரிணாமத்தில் ஒரு காரணி என்றார், அவ்வளவுதான்.

"சைபீரியாவில் இடம் ஜாஸ்தி, மிருகம் கம்மி. அதான் சண்டை இல்லை" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கே பனி கொல்கிறதோ, அங்கே பக்கத்தில் இருப்பவன் எதிரி இல்லை. நம்ம கதையும் பெரும்பாலும் அதுதானே? உங்களுக்கு அரியர் வைப்பது பக்கத்து பெஞ்ச்காரனா, பேப்பரா? ஒரு கம்பெனியில் சீட் பத்துதான் என்றால் அங்கே போட்டி நிஜம், ஒத்துக்கிறேன். ஆனால் அது சில நாள் கூத்து. மீதி நான்கு வருடமும் பனிதான்.

அவர் எழுதியதோடும் நிற்கவில்லை. 1871-ல் ரஷ்யப் புவியியல் கழகத்தின் செயலாளர் பதவி தேடி வந்தது. சுற்றிலும் மக்கள் ஒரு ரொட்டிக்கு அல்லாடும்போது இந்தச் சுகம் எனக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். 1874-ல் அரசியல் காரணத்துக்காகச் சிறை. அங்கேயே உட்கார்ந்து பனியுகம் பற்றிய ஆய்வை எழுதினார். 1876-ல் நண்பர்கள் உதவியால் தப்பித்தார்.

எனவே தோழர்களே, நோட்ஸ் தர மனசில்லையா? தராதீங்க, அது உங்க இஷ்டம். ஆனால் அதை இயற்கையின் விதி என்று மட்டும் சொல்லாதீங்க. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்க: "எந்தக் காட்டில் பார்த்தே?"