தகரச் சீட்டும் வெற்று அட்டையும்
தூத்துக்குடி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,



ஆறுமுகநேரியிலிருந்து எழுதுகிறோம். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் இடம்பெயர்வு ஒரு பாடமாகவே இருக்கிறது. மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள், எது அவர்களை வேற்றூருக்கு இழுக்கிறது என்று பிள்ளைகள் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அதே பிள்ளைகள், பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பீகார்ப் பையனை 'வடக்கன்' என்கிறார்கள். பாடம் அந்தத் தெருவரை வந்து சேரவில்லை. வந்து சேர ஒரு வழி உண்டு என்று நம்புகிறோம். இடம்பெயர்வைப் பிள்ளைகள் விளையாடிப் பார்த்துக் கற்க, மாதத்துக்கு இரண்டு பாடவேளை எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு ஒதுக்கித் தாருங்கள்.

இது புதுமையான யோசனை இல்லை. சூடானின் டார்ஃபூர் முகாம்களைப் பற்றி 2006இல் 'டார்ஃபர் இஸ் டையிங்' என்ற கணினி விளையாட்டு வந்தது. அதில் ஆடுபவர், ஆயுதக் கும்பலின் கண்ணில் படாமல் தண்ணீர் எடுத்துவரப் போகும் பிள்ளையாக ஓட வேண்டும். அதே செய்தியை எழுத்தில் படித்தவர்களைவிட ஆடியவர்களிடம் உதவும் மனம் கூடுதலாக இருந்தது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2013இல் வந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' இன்னும் கூர்மையானது. அதில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. இரக்கப்பட்டுத் தாள் சரியில்லாதவர்களை அடிக்கடி உள்ளே விட்டால் சம்பளம் பிடிக்கப்படும். அன்று வீட்டில் மருந்து வாங்கக் காசிருக்காது. நல்ல மனிதர்கள்கூட ஏன் மறுப்பு முத்திரை குத்துகிறார்கள் என்பதை அது கையில் கொடுத்துப் புரியவைக்கிறது. போருக்குள் சிக்கிய சாதாரண மக்களைப் பற்றிய 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசே 2020இல் அறிவித்தது.

எங்களுக்குக் கணினி வேண்டாம். அட்டை, சோழி, கொஞ்சம் தகரம் போதும். கதைக்கு டார்ஃபூர்வரை போக வேண்டியதும் இல்லை.

நம் கரைக்கு எதிரே இலங்கை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கழுத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு தொங்கியது. ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் கடனாக ஏறும். மலையேறி, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் குடிபுகுமுன்பே தொழிலாளி கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவர் கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். 1921இல் அந்த முறை ஒழிக்கப்படும்வரை ஆளோடு கடனும் கைமாறியது.

இதை ஆட்டமாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகரத் துண்டு, ஒரு கடன் சீட்டு. சோழி உருட்டி நகர வேண்டும். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரத்தில் போனால் கூலி; காய்ச்சலில் படுத்தால் கடன். நான்கு சுற்று முடிந்ததும், எவ்வளவு கவனமாக ஆடியும் கடன் ஏன் குறையவில்லை என்று ஒரு பிள்ளை கோபத்தோடு கேட்கும். ஆசிரியர் நடத்த வேண்டிய பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

அடுத்த கட்டம் 1964. அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, நாடற்றவர்களாக இருந்த அந்தத் தோட்டத் தமிழர் ஏறக்குறைய 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். இந்த எண்களை வகுப்பறைக்கு ஏற்பச் சுருக்கினால் கச்சிதமாகப் பொருந்துகிறது: 39 பிள்ளைகள் இருந்தால் 21 பேருக்கு 'இந்தியா' அட்டை, 12 பேருக்கு 'இலங்கை' அட்டை, 6 பேருக்கு வெற்று அட்டை. வெற்று அட்டைக்காரர்கள் பத்துச் சுற்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 1974இல்தான் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆட்டத்தில் அக்காள் தம்பியாக இருப்பவர்களுக்கு வெவ்வேறு அட்டை விழட்டும். உண்மையிலும் குடும்பங்கள் அப்படித்தான் பிரிந்தன.

நாம் ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் பாம்பு கடித்தால் அது பாவத்தின் பலன். இந்த ஆட்டத்தில் பாம்பை வரைந்தவர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருந்தார்கள். கடிபட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழ்மையும் இடப்பெயர்வும் அவரவர் தலைவிதி என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, விதிமுறைகளை யாரோ எழுதுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். கட்டுரையும் நீதிபோதனை வகுப்பும் பிள்ளைகளைப் பரிதாபப்பட வைக்கும். விதியை எழுதியது யார் என்று கேட்க வைக்க, அந்த விதிக்குள் கொஞ்சநேரம் உட்காரச் செய்வதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த மண்டபம் முகாம், பின்னாளில் தாயகம் திரும்பியவர்களை வரவேற்றது. 1983க்குப் பிறகு அகதிகளை ஏற்றது. இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள். ஒரே காய் இரண்டு கரையிலும் இரண்டு வசவு கேட்கும்படி ஆட்டத்தை அமைக்கலாம்.

எங்கள் வட்டாரத்துக்கென்று தனிக் கட்டங்களும் உண்டு. நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்களால் நிறைந்தது பம்பாயின் தாராவி. 1966இல் சிவசேனை தொடங்கியபின், அந்த நகரத்தில் தென்னாட்டார் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று வசைபாடப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். அந்தச் சொற்களை இன்று நம் பிள்ளைகள் வடமாநிலத்தவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவியதும் எத்தனையோ பேர் பயந்துபோய் ரயிலேறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். புதுக்குடி ஊர்மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சோறு பொங்கினார்கள். முன்பின் தெரியாதவருக்கு இடம் கொடுக்கும் மனம் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. அதைப் பழக்கமாக்கப் பள்ளிக்கூடம் வேண்டும்.

சில எச்சரிக்கைகளையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். தாப்பாத்தி போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. முகாம் பிள்ளை வகுப்பில் இருந்தால், உன் கதையைச் சொல் என்று எந்த ஆசிரியரும் எழுப்பி நிறுத்தக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு ஆட விருப்பமில்லை என்றால் கணக்கு எழுதும் வேலையைக் கொடுக்கலாம்; விலகியும் இருக்கலாம். குண்டு, சாவு, படகு கவிழ்தல் ஆகியவற்றை ஆட்டத்தில் வைக்கவே வேண்டாம். ஆடிய நேரத்துக்குச் சமமாகப் பேசும் நேரம் ஒதுக்க வேண்டும். பேச்சில்லாத ஆட்டம் வெறும் கூத்தாகப் போய்விடும். மதிப்பெண் கூடாது. மாவட்ட அளவில் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கும் எண்ணம் வந்தால், தயவுசெய்து அதைக் கைவிட்டுவிடுங்கள். அகதியாக ஆடி முதல் பரிசு வாங்குவதைவிட மோசமான பாடம் வேறில்லை.

ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சியும், பள்ளிகளுக்கு உங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கையும் போதும். அட்டை வெட்டவும் சோழி சேர்க்கவும், கொழும்புக்கும் பம்பாய்க்கும் போய்வந்த பெரியவர்களை வகுப்புக்கு அழைத்து வரவும் இந்த ஊர்க்காரர்கள் தயாராக இருக்கிறோம். வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆறுமுகநேரி, காயல்பட்டினம், புன்னைக்காயல் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் இதைத் தொடங்க அனுமதி தாருங்கள்.