பக்கத்து வீட்டு வாயில்லா ஜீவனுக்காக யார் பேசுவது?

கத்திரி வெயில் நேரத்தில் விருத்தாசலத்தில் மதியம் 2 மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. செராமிக் சூளைகளின் சூடு ஒரு பக்கம், வானத்துச் சூடு இன்னொரு பக்கம். கொலு பொம்மையும் அகல் விளக்கும் சூட்டில் வெந்தால்தான் உறுதிப்படும். உயிருள்ள எதற்கும் அந்த விதி பொருந்தாது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாய் கட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருந்த நிழல் நகர்ந்து போய்விட்டது, சங்கிலி நகரவில்லை. தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. நாய் முதலில் குரைத்தது, பிறகு முனகியது, இப்போது சத்தமே இல்லை.

அந்த வீட்டில் யாரும் நாயை அடிப்பதில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. பையன் அடம்பிடித்தான் என்று குட்டியாக வாங்கி வந்திருப்பார்கள். இப்போது பையன் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறான். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. அம்மா வீட்டையும் பார்த்து, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையும் பார்க்கிறார். நாய் மாடிக்குப் போய்விட்டது. விருத்தாசலம் என்றில்லை, எந்த ஊரிலும் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும்.

இதைப் பார்க்கும் நமக்கு ஒரு தவிப்பு. 'அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கலாமா? நாளைக்கு முகத்தைப் பார்க்க வேண்டாமா?' என்று மனசு இழுக்கும். இன்னொரு பக்கம் கோபம், 'நேராகப் போய் நாலு கேள்வி கேட்டால் என்ன?' என்று தள்ளும்.

கேட்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் கேட்டுவிட்டு வந்த பிறகும் அந்த நாய் அதே வீட்டில், அதே கையை நம்பித்தான் இருக்கப் போகிறது. அதனால் எதைச் செய்தாலும், 'இதனால் நாளைக் காலை அந்த ஜீவனுக்கு நல்லது நடக்குமா?' என்று ஒருமுறை யோசித்துவிட்டுச் செய்வோம்.

முதலில் கவனியுங்கள்

ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எலும்பும் தோலுமாக இருக்கும் நாய் வயதானதாக இருக்கலாம், சிகிச்சையில் இருக்கலாம். மூன்று நான்கு நாட்கள், வேறு வேறு நேரங்களில் பாருங்கள்.

தண்ணீர் இருக்கிறதா? நாய்க்கு எடையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் வரை தினமும் தண்ணீர் தேவை. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். நமக்குப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உமிழ்நீர் வற்றினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நாள் முழுக்க நிழல் இருக்கிறதா? சங்கிலி எவ்வளவு நீளம்? படுக்கிற இடத்திலேயே மலஜலம் கழிக்க வேண்டியிருக்கிறதா? கழுத்துப் பட்டை இறுகிப் புண்ணாகியிருக்கிறதா? குட்டியாக இருந்தபோது போட்ட பட்டையைக் கழற்றாமலே விட்டு, வளர்ந்தபின் அது சதைக்குள் இறங்கிவிடுவது உண்டு. அந்தப் புண்ணில் ஈ உட்கார்ந்தால் சில நாட்களில் புழு வைத்துவிடும். காதோரம் உண்ணி மொய்ப்பது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவது எல்லாமே அது சொல்லத் தெரியாமல் சொல்லும் புகார்கள்.

ராத்திரி முழுக்கக் குரைத்து நம் தூக்கத்தைக் கெடுக்கிற நாயும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. பசி, தாகம், தனிமை, பயம். காரணத்தைச் சரிசெய்தால் சத்தமும் குறையும்.

வெறுங்கையோடு போகாதீர்கள்

நம்ம ஊர் பீங்கான் ஊர். அது இங்கே கைகொடுக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தை நாய் ஒரே தட்டில் கவிழ்த்துவிடும். எவர்சில்வர் வெயிலில் சுட்டுவிடும். அடி அகலமான, கனமான பீங்கான் தொட்டி கவிழாது, கழுவுவதும் சுலபம். மண்சட்டி என்றால் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.

வாசலில் நாலு பேர் நிற்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சாப்பாட்டு நேரமும் வேண்டாம். நாய்க்கு யார் சோறு வைக்கிறாரோ அவரிடம் பேசுங்கள். அநேகமாக அது அந்த வீட்டு அம்மாவாக இருக்கும். ஏற்கெனவே நாலு வேலை சுமக்கிறவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன்க்கா, நாய்க்குத் தண்ணிகூட வைக்க மாட்டீங்களா?" என்று ஆரம்பித்தால் அன்றோடு கதவு சாத்திவிடும்.

"அக்கா, வெயில் மண்டையைப் பிளக்குது. கடைத்தெருவுல இந்தச் சட்டியைப் பார்த்தேன், நம்ம டைகர் ஞாபகம் வந்துச்சு. மாடியில மத்தியானம் நிழல் போயிடுதே, கீழே படிக்கட்டுக்கு அடியில கட்டலாமாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொன்ன மாதிரியும் இருக்காது. சொல்ல வேண்டியதும் போய்ச் சேர்ந்துவிடும்.

பதில் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். "என்ன பண்றது, என்னால முடியலையேம்மா" என்றால் அவருக்குத் தேவை உதவி. சாயங்காலம் அரை மணி நேரம் நாயை நடக்கக் கூட்டிப்போக உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பலாம். பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். தடுப்பூசி போட அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களும் துணைக்குப் போகலாம். ஆட்டோ செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். வளர்க்கவே முடியாத நிலை என்றால், நல்ல வீடு ஒன்றைத் தேடித் தரலாம்.

"என் நாய், என் இஷ்டம்" என்று பதில் வந்தால், அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான். அதற்குமுன் ஒன்று: அவர் மதிக்கும் பெரியவர் தெருவில் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியர், கவுன்சிலர், அவருடைய சொந்த அண்ணன்... அப்படி ஒருவர் மூலம் இரண்டாவது முறையும் சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

சுவருக்கு மேலிருந்து சாப்பாட்டை வீசாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு.

ராத்திரியில் போய் அவிழ்த்துவிடாதீர்கள். தெரு பழகாத நாய் லாரியில் அடிபடலாம். மிரண்டு போய்க் குழந்தையைக் கடிக்கலாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் நீங்கள் திருட்டு வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

வீடியோ எடுத்து, வீட்டு வாசலும் முகமும் தெரிய வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஊரே திட்டும். அவமானப்பட்டவர் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவார்? எதிர்த்துப் பேச முடியாத அந்த ஜீவன் மேல்தான். படம் எடுங்கள், அது புகாருக்கு மட்டும் இருக்கட்டும்.

குரைப்புத் தொல்லை தாங்காமல் விஷம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, ஒரு விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் 5 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனக் கலைஞராகத்தான் பலருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான அவர், விலங்குகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 'அரசே சட்டம் கொண்டுவரும்' என்ற பிரதமர் நேருவின் உறுதியை ஏற்று, மசோதாவைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு அடிப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருப்பது குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உலாவவிடாமல் இருப்பதும் குற்றம். பசியும் தாகமும் வாட்டும் நிலையில் கைவிட்டுப் போவதும் குற்றம்.

ஆனால் தண்டனையைக் கேட்டால் சிரிப்பு வரும். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு! மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் தராமல் வைத்திருப்பது போன்ற குற்றங்களில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்குப் போட்டு விசாரிக்க முடியாது.

அப்படியானால் புகார் வீணா? இல்லை. குற்றம் நிரூபணமாகி, அந்த வீட்டில் விட்டால் மறுபடியும் கொடுமை தொடரும் என்று தெரிந்தால், விலங்கை உரிமையாளரிடமிருந்து பறிமுதல் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைவிட முக்கியம், போலீஸ்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்று விசாரித்தாலே பல வீடுகளில் மறுநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதனால் தேதி, நேரம், பார்த்தது என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். படங்களை அழிக்காதீர்கள்.

யாரிடம் சொல்வது?

காயம், நோய் என்றால் முதலில் அரசு கால்நடை மருத்துவமனை. கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962. மருத்துவர் சொன்னால், நாம் சொல்லிக் கேட்காதவர்களும் கேட்பார்கள்.

அடுத்தது காவல் நிலையம். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கடலூரில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்ப்பு நாளிலும் மனு கொடுக்கலாம். தெருவில் இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு பலம் கூடும். உங்கள் ஒருவர் மேல் மட்டும் பகை வராது.

கூண்டில் இருப்பது பச்சைக்கிளி என்றால் கதையே வேறு. நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதையே வனவிலங்குச் சட்டம் தடை செய்கிறது. வனத்துறையிடம் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நாய் தள்ளாடுகிறது, கெட்டியாக எச்சில் வழிகிறது, ஈறு ரத்தச் சிவப்பாக இருக்கிறது, வாந்தி எடுக்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. அப்போது நயமாகப் பேச நேரமில்லை. உரிமையாளருக்கு உடனே போன் செய்து, அனுமதி வாங்கி நிழலுக்குக் கொண்டு வாருங்கள். உடம்பில், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றவும் வேண்டாம். தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், போனும் எடுக்கவில்லை என்றால் போலீஸுக்கும் 1962-க்கும் சொல்லிவிட்டு, தெருக்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு உதவுங்கள்.

பழகிய நாய்தானே என்று கை நீட்டாதீர்கள். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போகலாம் எனத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, குட்டி வாங்கலாமா என்று யோசிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று 10-ம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்திருப்பான். 'அதுக்கப்புறம் யார் பார்த்துக்கிறது?' என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவராவது 'நான்' என்று சொன்ன பிறகு குட்டியைத் தூக்கி வாருங்கள்.