சங்கம் நமக்கு மட்டுமா?

கூலி உயர்வு கேட்டு ஒன்றுகூடுவதே குற்றம்போல் எண்ணப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1918 ஏப்ரல் 27-இல் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. உடனிருந்து உழைத்தார். ஆலையார் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் 1920-இல் தடையுத்தரவு விதித்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே பதிவுபெற்ற சங்கங்களுக்கு அத்தகைய வழக்குகளினின்றும் காப்பளித்தது.

தனி நெசவாளன் நூல் வணிகரிடமும், தனி உழவன் தரகரிடமும் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆதலின் பங்குத்தொகை சேர்த்துக் கூட்டுறவு கண்டோம். அவர்கள் சந்தா சேர்த்துச் சங்கம் கண்டனர். வேர் ஒன்றே.

இன்று பாவு ஓடுவோரும், சாயம் தோய்ப்போரும், நாற்று நடுவோரும் நம்மிடம் கூலி பெறுகின்றனர். அவர்கள் ஒன்றுசேர்ந்தால் நாம் முகஞ்சுளிப்பது முறையாகுமா? அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆய்ந்து முடிவு செய்வார்களாக.