ஆப்பு வைக்கிறதா உங்க ஆப்?

ஷூ கம்பெனி வேன் எங்கே வருதுன்னு காட்டற ஆப் ஒண்ணை ஃபைனல் இயர் ப்ராஜெக்டா செஞ்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். காலையில ஆம்பூர்ல ரயில் ஏறும்போது போன்ல ஃபுல் சார்ஜ். காட்பாடி காலேஜ் முடிஞ்சு வீடு திரும்பறப்போ 60. செட்டிங்ஸைத் திறந்தா உங்க ஆப்புக்கு நேரா 10 சதவீதம்!

எதுல 10? அங்கேதான் வில்லங்கம். சில போன்ல மொத்த பேட்டரியில 10. சில போன்ல செலவானதுல 10. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரின்னா முதல் கணக்குக்கு 500, அடுத்ததுக்கு வெறும் 200. பதனிட்ட தோலுக்கு சதுர அடியிலதானே விலை பேசறாங்க? யூனிட் தெரியாம பேரம் பேசினா பிரியாணிக்குக்கூட காசு மிஞ்சாது பாஸ்!

தவிர, பெரும்பாலான போன்ல அது நேரா அளந்த நம்பரே இல்லை. திரை, சிப், ரேடியோ எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு பார்த்துப் போடற உத்தேசக் கணக்கு. ரயில்ல சிக்னல் விட்டு விட்டு வந்தா, டவரைத் தேடியே போன் சார்ஜைத் தின்னும். பழி மட்டும் உங்க ஆப் மேல.

ஆண்ட்ராய்டோட 'பேட்டரிஸ்டாட்ஸ்' கட்டளையால பழைய கணக்கை ரீசெட் பண்ணுங்க. கேபிளைக் கழட்டுங்க, செருகியிருந்தா சார்ஜ்தான் ஏறும். அதே ரயில், அதே திரை வெளிச்சம். ஒரு வாரம் ஆப்போட, ஒரு வாரம் ஆப் இல்லாம. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதோட நிஜப் பசி.

வேன்ல ஏறற அக்கா சார்ஜர் பக்கம் சாயங்காலம்தான் வருவாங்க. வேன் லேட்டானா வீட்டுக்குப் பேச அவங்க போன்ல 5 சதவீதமாவது மிஞ்சணும்.